இஸ்லாம், மனிதநேயம், பல மதத்தார் வாழும் ஊர்: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் ராவுத்தர் வீட்டில் பிறந்தவன். அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். வகுப்பிலும் டீக்கடையிலும் நிக்காஹ் வீட்டிலும் துக்க வீட்டிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சில இந்து நண்பர்கள் கேட்டவை, சில எங்கள் ஜமாஅத் பையன்கள் கேட்டவை. நான் ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், இல்லை. ஃபத்வா என்னும் மார்க்கத் தீர்ப்பு கொடுக்கும் தகுதியும் எனக்கில்லை. படித்ததையும் பார்த்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

இஸ்லாமிய மனிதநேயம் என்று தனியாக ஒன்று உண்டா?

தனிப் பிரிவாகவோ இயக்கமாகவோ கிடையாது. மார்க்கத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதில்தான் இருக்கிறது. "ஆதமுடைய மக்களை நாம் கண்ணியப்படுத்தினோம்" என்கிறது குர்ஆன் 17:70. அந்த இடத்தில் நம்பிக்கை கொண்டவர்களை மட்டும் என்று இல்லை. ஆதமுடைய மக்கள் என்றால் நானும் நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் கடவுளே இல்லை என்பவரும் சேர்த்திதான். இந்த வசனத்தை வாசற்படியாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் படிப்பதைத்தான் நான் இஸ்லாமிய மனிதநேயம் என்கிறேன்.

புகாரி தொகுப்பில் ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, உண்டு. ஒரு ஜனாஸா, அதாவது இறந்தவர் உடல், கடந்து போகிறது, நபிகள் எழுந்து நிற்கிறார்கள். அது யூதருடைய ஜனாஸா என்று தோழர்கள் சொல்ல, அதுவும் ஓர் உயிர் இல்லையா என்று கேட்கிறார்கள். தத்தனேரி மயானத்துக்குப் போகும் ஊர்வலம் எங்கள் கடைத்தெரு வழியாக வந்தால் என் அத்தா (அப்பா) வியாபாரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். போவது யார், எந்தச் சாதி என்று கேட்டதில்லை. அது மதுரைப் பழக்கம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இந்த ஹதீஸைப் படித்த பிறகுதான், அது மார்க்கமும் கூட என்று தெரிந்தது.

மனிதநேயம் என்பதே மேல்நாட்டுச் சரக்குதானே? அதை இஸ்லாத்துக்குள் ஏன் நுழைக்கிறீர்கள்?

எங்கள் பையன்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் 1030-ஆம் ஆண்டைக் காட்டுவேன். பாரசீகத்தில் வாழ்ந்த மிஸ்கவைஹ் என்ற அறிஞர் காலமானது அந்த ஆண்டில்தான். ஒழுக்கவியல் பற்றி அவர் எழுதிய நூலில், மனிதனைக் குறிக்கும் 'இன்ஸான்' என்ற அரபுச் சொல் 'உன்ஸ்', அதாவது நேசம், ஒட்டுதல் என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்கிறார். மறதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்று சிலர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. தனியாகத் தொழ முடியும்போது ஏன் பள்ளிவாசலில் ஒன்றுகூடச் சொன்னார்கள்? மனிதருக்கு இடையே அந்த ஒட்டுதல் வளரட்டும் என்றுதான் என்பது அவர் விளக்கம். ஐரோப்பாவில் மனிதநேயம் என்ற பேச்சு எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு எழுதியது இது. நம் காலத்தில் அல்ஜீரியாவில் பிறந்த முகம்மது அர்க்கூன், மிஸ்கவைஹையும் அவர் காலத்து அறிஞர்களையும்தான் தன் ஆய்வின் மையமாக வைத்தார்.

மிஸ்கவைஹ் காலமான அந்த 1030-ஐ ஒட்டித்தான் அல்பிரூனி என்ற அறிஞர் இந்தியாவைப் பற்றிய தன் பெரிய நூலை முடித்தார். சமஸ்கிருதம் கற்றுக்கொண்டு, பதஞ்சலியின் யோகத்தை அரபியில் கொண்டுவந்தவர். இந்துக்கள் நம்புவதை அவர்கள் சொல்கிறபடியே எழுதுவேன், வாதம் செய்து தோற்கடிப்பது என் வேலை இல்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். கஜினி முகமதுவின் படையெடுப்புகள் இந்த நாட்டின் செழிப்பைச் சீரழித்தன என்றும் எழுதினார். அதே கஜினி அரசின் கீழ் வாழ்ந்துகொண்டு எழுதினார் என்பதை மறக்கக் கூடாது.

நம் ஊருக்கு வருவோம். தமிழில் முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய இலக்கியங்களில் மிகப் பழையது என்று சொல்லப்படும் ஆயிர மசலா 1572-ல் அரங்கேறியது மதுரையில். பாடியவர் வண்ணப் பரிமளப் புலவர். மசலா என்றால் கேள்வி. அப்துல்லா இப்னு ஸலாம் என்ற யூத அறிஞர் நபிகளிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்க, நபிகள் பதில் சொல்வதாக அந்த நூல் போகிறது. வேறு மார்க்கத்தவர் வந்து குறுக்கே நின்று கேள்வி கேட்கிறார், அவரை உட்காரவைத்துப் பதில் சொல்கிறார்கள். தமிழ் முஸ்லிம் இலக்கியம் மதுரையில் இப்படித்தான் அவையேறியது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். கேள்வி பதிலாக இதை எழுதுவதற்கும் அந்த நூல்தான் எனக்குத் தைரியம்.

பன்மைத்துவம் என்றால் எல்லா மதமும் ஒன்றுதான் என்பதா?

இல்லை. எனக்கு என் மார்க்கம் உண்மை. என் நண்பருக்கு மீனாட்சி உண்மை. இரண்டும் ஒன்று என்று சொல்லி இரண்டு பேரையும் குழப்ப வேண்டியதில்லை. "உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு நெறியும் வழியும் தந்தோம். அல்லாஹ் நாடியிருந்தால் உங்கள் எல்லோரையும் ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான்" என்று 5:48 சொல்லி, நல்ல காரியங்களில் போட்டி போடுங்கள் என்று முடிக்கிறது. வித்தியாசங்கள் எல்லாம் பின்னால் இறைவனிடம் தெளிவாகும். அதுவரை நம் வேலை நன்மையில் முந்துவது.

சகிப்புத்தன்மை என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. வலியைச் சகிக்கலாம், வெயிலைச் சகிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரைச் சகித்துக்கொள்கிறேன் என்றால் அவர் எனக்கு ஒரு தொந்தரவு என்றாகிறது. அவருடைய வழிபாடு அவருக்கு உரிமை. நான் பெரிய மனதோடு கொடுத்த சலுகை இல்லை. நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்று குர்ஆனில் இருக்கிறதே?

இருக்கிறது, 9:5. இறைவனுக்கு இணையாக வேறு தெய்வங்களை வைப்பவர்கள் என்பது இணைவைப்போர் என்ற சொல்லின் பொருள். மூடி மறைக்க மாட்டேன். முன்னும் பின்னும் ஒவ்வொரு வசனம் படியுங்கள் என்று மட்டும் கேட்பேன். 9:4, ஒப்பந்தத்தை மீறாதவர்களிடம் தவணை முடியும்வரை ஒப்பந்தத்தைக் காப்பாற்றுங்கள் என்கிறது. 9:6, இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், பிறகு அவரைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது. ஒப்பந்தத்தை முறித்துப் போருக்கு நின்ற அன்றைய அரபு எதிரிகளைப் பற்றிய பேச்சு அது. மேலமாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரைப் பற்றியது இல்லை. அவரைப் பற்றிய வசனம் வேண்டுமானால் 60:8 இருக்கிறது. மார்க்க விஷயத்தில் உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை, நீதியாக நடப்பவர்களை அவன் நேசிக்கிறான் என்பது அது.

நடு வசனத்தை மட்டும் வெட்டி எடுப்பதை இரண்டு தரப்பாரும் செய்கிறார்கள். இஸ்லாத்தை வெறுப்பவர்களும், இஸ்லாத்தின் பெயரால் குண்டு வைப்பவர்களும்.

மதுரை சுல்தான்கள் செய்ததற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். பாடம் நடந்துகொண்டிருந்தது. எழுந்து, "சார், நீங்க சுல்தான் பக்கமா, பாண்டியன் பக்கமா?" என்றான். வகுப்பே என்னைப் பார்த்தது. அன்று நான் பதில் சொல்லாமல் பாடத்தை நகர்த்திவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

1311-ல் மாலிக் காஃபூர் படை மதுரைக்கு வந்தது. 1335 வாக்கில் டெல்லிக்கு அடங்காமல் தனி சுல்தான் ஆட்சி இங்கே தொடங்கி, நாற்பது ஆண்டுகள் போல நீடித்து, விஜயநகரத்துக் குமார கம்பணரின் படையெடுப்புக்குப் பிறகு முடிந்துபோனது. கொள்ளையும் கொலையும் நடந்தன. கோயில்கள் பாதிக்கப்பட்டன, வழிபாடு நின்றது. இதில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. செய்தவர்கள் என் மதப் பெயரை வைத்திருந்தார்கள் என்பதற்காக அவர்களுக்கு வக்கீலாக வேண்டிய கடமையும் எனக்கில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டுபவர் ஒருவர் இருக்கிறார். மொராக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா 1340-களில் மதுரையில் இருந்தார். அப்போது சுல்தான் கியாசுத்தீன் தாமகானி. பதூதாவின் மனைவியும் சுல்தானின் மனைவியும் உடன்பிறந்தவர்கள், அதாவது இருவரும் சகலர்கள். டெல்லியில் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த மார்க்க அறிஞர் பதூதா. சுல்தான் பிடித்துவந்த இந்துக் கைதிகளை, பெண்களையும் குழந்தைகளையும் உட்பட, கொடூரமாகக் கொன்றதை அவர் கண்ணால் பார்த்தார். சகலரின் ஆட்சி என்று பூசி மெழுகவில்லை. வேறு எந்த அரசனும் செய்து தான் அறியாத அருவருப்பான செயல் இது, இதனால்தான் இறைவன் அவனுக்குச் சாவை விரைவில் அனுப்பினான் என்று எழுதிவைத்தார். ஒருநாள் கண்முன் கொலை நடக்கப்போகிறது என்று தெரிந்ததும், தொழப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவையை விட்டு எழுந்து போயிருக்கிறார். சுல்தானைத் தடுத்து நிறுத்தும் பலம் அவருக்கு இல்லை. ஆனால் எழுநூறு வருடத்துக்குப் பிறகும் நமக்குத் தெரியும்படி சாட்சி சொன்னார். பதூதாவிடமும் குறைகள் உண்டு. அடிமைகளை வைத்திருந்தவர் அவர். இருந்தாலும் இந்த ஒரு இடத்தில் நான் அவர் பக்கம் நிற்கிறேன். சுல்தானா பாண்டியனா என்று கேட்ட அந்தப் பையனுக்கு என் பதில் இதுதான்: கொல்லப்பட்ட அந்தக் குழந்தைகளின் பக்கம்.

மதுரையில் மத ஒற்றுமை என்பது மேடைப் பேச்சா, நிஜமாகவே இருந்ததா?

இருந்தது. கல்லிலேயே எழுதியிருக்கிறது. கோரிப்பாளையம் தர்காவுக்குக் கூன் பாண்டியன் கொடுத்ததாகச் சொல்லப்படும் நிலம் பற்றிப் பின்னாளில் தகராறு வந்தது. 1573-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வீரப்ப நாயக்கர் காலத்தில் அந்தத் தகராறு தீர்க்கப்பட்டு பழைய தானம் தொடர வேண்டும் என்று உறுதியானதைச் சொல்கிறது. பாண்டியன் கொடுத்ததை நாயக்கர் காப்பாற்றினார். நடுவில் சுல்தான் ஆட்சியின் கசப்பான நினைவு இருந்தும் காப்பாற்றினார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு அரசன் செய்த கொடுமைக்காக ஒரு தர்காவின் நிலத்தைப் பிடுங்க வேண்டும் என்று அன்று முடிவெடுக்கவில்லை. காஜிமார் பெரிய பள்ளிவாசலும் பாண்டியர் காலத்தில் அரசன் தந்த இடத்தில் எழும்பியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அங்கிருந்து கூடலழகர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம்.

அப்புறம், சித்திரைத் திருவிழா. அழகர் வைகையில் இறங்கிய பிறகு வண்டியூர் போகிறார். பெருமாள் கோயிலுக்குப் போகிறார் என்று கோயில் முறை சொல்லும். துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்று மக்கள் சொல்வார்கள். பெருமாள் மேல் காதல் கொண்ட சுல்தானின் மகள் கதை திருவரங்கத்திலும் உண்டு. அங்கே அவருக்கு ரொட்டி படைக்கிறார்கள். இந்தக் கதையில் எவ்வளவு நடந்தது என்று ஆராய்ச்சி செய்வதில் எனக்கு ஆர்வமில்லை. படையெடுப்பின் காயத்தை மனதில் வைத்திருந்த மக்கள், அந்தக் காயத்தின் மேல் பகையை வளர்க்காமல் ஒரு கல்யாண உறவை வளர்த்தார்கள். துலுக்க வீட்டுப் பெண்ணைச் சாமிக்குக் கட்டிக்கொடுத்துச் சம்பந்தி ஆகிவிட்டார்கள். இந்த மனசுக்கு நிகராக நான் எதையும் படித்ததில்லை.

திருப்புவனம் பக்கத்தில் முதுவன்திடல் என்று ஒரு கிராமம். முஹர்ரம் நாளில் அங்கே இந்துக்கள் பூக்குழி இறங்குகிறார்கள், பாத்திமா நாச்சியார் பெயரால். எங்கள் ஆலிம்கள் பலருக்கு அந்தச் சடங்கு உடன்பாடில்லை. எனக்கும் அது மார்க்கத்தில் உள்ளதாகத் தெரியவில்லை. ஆனால் நபிகளின் மகள் பெயரை நெஞ்சில் வைத்துத் தீயில் நடக்கும் ஒரு விவசாயியிடம் போய், நீ செய்வது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது திருப்பரங்குன்றத்தில் நடப்பதைப் பார்த்தால்?

மனசு கனக்கிறது. ஒரே மலை. அடிவாரத்தில் முருகன், மேலே காசி விசுவநாதர், உச்சியில் சிக்கந்தர் பாதுஷா தர்கா. உரிமை யாருக்கு என்ற வழக்கு நூறு வருடம் பழையது. 1920-ல் தொடுத்த வழக்கில் 1923-ல் மதுரை சார்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1931-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை உறுதி செய்தது. மலையின் பொதுப்பகுதி கோயிலுக்கு, மலையிலுள்ள நெல்லித்தோப்பும் தர்காவும் அதற்குப் போகும் படிக்கட்டும் முஸ்லிம்களுக்கு என்பது சாரம். 2025-ல் குர்பானி, அதாவது பலி கொடுக்கும் விஷயமும் கார்த்திகை தீப விஷயமும் உயர் நீதிமன்றம் வரை போய்விட்டன.

நீதிமன்றம் போவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். தெருவில் அடித்துக்கொள்வதைவிட மனுப் போடுவது நாகரிகம். எங்கள் ஆட்களுக்கு நான் சொல்வது, தீர்ப்பு பாதகமாக வந்தாலும் மேல்முறையீடுதான் வழி, வீம்பு வழி இல்லை என்பது. இந்து நண்பர்களுக்குச் சொல்வது, வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கோஷம் போடுபவர்களுக்கு அந்த மலை ஒரு நாள் வேலை, ஊர்க்காரர்களுக்கு அது தினமும் கண் விழிக்கும் மலை என்பது. கிரிவலம் போகும் பாதையில் பூக்கடை, டீக்கடை வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பதற்றம் வந்தால் முதலில் கடை மூடுவது அவர்கள்தான், இரண்டு மதத்தாரும்.

இறைவனை விட்டு அவர்கள் அழைக்கும் தெய்வங்களை ஏசாதீர்கள் என்று 6:108 முஸ்லிம்களுக்குக் கட்டளையிடுகிறது. வாட்ஸப்பில் எதை அனுப்பும் முன்பும் எங்கள் பையன்கள் அந்த ஒரு வசனத்தை நினைத்தால் போதும்.

இஸ்லாத்துக்கும் ஜனநாயகத்துக்கும் ஒத்துப்போகுமா?

முஸ்லிம்களின் காரியங்கள் தங்களுக்குள் கலந்தாலோசித்து நடக்கும் என்கிறது 42:38. அதிலிருந்தே நேரே வாக்குப்பெட்டிக்குத் தாவ நான் விரும்பவில்லை. ஆலோசனை வேறு, தேர்தல் வேறு. ஆனால் வேறு மதத்தாரோடு ஒப்பந்தம் போட்டு ஒரே ஊராக வாழ்வதற்கு முன்மாதிரி இருக்கிறது. 622-ல் நபிகள் மக்காவை விட்டு மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத் நடந்தபின் எழுதப்பட்ட மதீனா சாசனம், யூதர்களையும் சேர்த்து ஒரு சமுதாயம் என்று சொல்லி, அவர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம் என்று வகுத்தது. ஹுஸைன் அஹ்மத் மதனி 1938-ல் எல்லா மதத்தாரும் சேர்ந்து ஒரே தேசம் என்னும் கூட்டுத் தேசியத்துக்காக எழுதியபோது இந்தச் சாசனத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினார். பாகிஸ்தான் வேண்டாம் என்று நின்ற தேவ்பந்து ஆலிம் அவர்.

தமிழ்நாட்டில் காயிதே மில்லத். அரசியல் நிர்ணய சபையில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று வாதாடினார், சபை ஏற்கவில்லை. தோற்ற பிறகு அவர் வீட்டில் போய் உட்கார்ந்துவிடவில்லை. 1949-ல் அதே சபையில் தமிழுக்காக எழுந்து பேசினார். 1962 முதல் பொதுத் தொகுதியிலேயே நின்று மூன்று முறை மக்களவைக்கு வென்றார். வாதாடுவது, தோற்பது, தோற்ற பிறகும் அதே சபையில் இருப்பது. ஜனநாயகம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு எல்லா மனிதருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்று வரம்பும் போடுகிறது. இந்த ஏற்பாட்டில் நான் முழு முஸ்லிமாக வாழ்கிறேன். இதற்கு மேல் ஒரு அரசு எனக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

காஃபிர் என்று எங்களைச் சொல்கிறீர்களே?

இறையியலில் அது மறுப்பவர் என்று பொருள்படும் சொல். தெருவில் அது வசவாகிவிட்டது. வசவாகிவிட்ட சொல்லுக்கு அகராதியைக் காட்டிச் சமாதானம் சொல்வது நேர்மையில்லை. இந்தோனேசியாவின் மிகப்பெரிய ஆலிம்கள் அமைப்பான நஹ்தத்துல் உலமா 2019-ல் பாஞ்சார் நகரில் கூடியபோது, முஸ்லிம் அல்லாத குடிமக்களைக் காஃபிர் என்று அழைக்க வேண்டாம், குடிமக்கள் என்றே சொல்லுங்கள் என்றது. நம் பக்கத்தில் முறை வைத்து அழைக்கும் பழக்கம் எப்போதும் உண்டு. மாமா, மச்சான், அண்ணே, சித்தப்பா. அவை இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

மதம் மாறுவது, மதத்தை விட்டு வெளியேறுவது பற்றி?

"மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்பது 2:256. இதற்கு விரிவுரைகளில் ஒரு பின்னணி சொல்வார்கள். மதீனாவில் ஒரு முஸ்லிம் தகப்பன், கிறிஸ்தவர்களாகிவிட்ட தன் இரண்டு மகன்களைக் கட்டாயப்படுத்தட்டுமா என்று கேட்டபோது இறங்கியது என்று. பெற்ற தகப்பனுக்கே அனுமதி இல்லையென்றால் ஊருக்கும் அரசுக்கும் எங்கிருந்து வரும்?

மதம் மாறி இஸ்லாத்துக்கு வருபவரை வரவேற்கும்போது நமக்கு இந்த வசனம் நினைவுக்கு வருகிறது. 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது சுதந்திரம் என்று பேசினோம். சரியாகத்தான் பேசினோம், 2004-ல் அது திரும்பப் பெறவும் பட்டது. ஆனால் 2017 மார்ச்சில் கோவையில், கடவுள் மறுப்பாளராகிவிட்ட ஒரு முஸ்லிம் இளைஞரைக் கருத்துச் சொன்னதற்காக வெட்டிக் கொன்றார்கள். கைதானவர்கள் முஸ்லிம்கள். அன்று நம் மேடைகளில் அதே உரத்த குரல் கேட்டிருக்க வேண்டும். பழைய சட்ட நூல்கள் பலவற்றில் மதத்தை விட்டவனுக்கு மரண தண்டனை எழுதியிருக்கிறது என்பது உண்மை. குர்ஆனில் அப்படி ஓர் உலக தண்டனை இல்லை. பழைய அரசுகளில் மதம் விடுவது எதிரிப் படையில் சேர்வதற்குச் சமமாக இருந்தது, அந்தக் காலத்துச் சட்டம் அது என்று விளக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களோடு நிற்கிறேன். உள்ளே வரும் கதவு திறந்திருக்கிறது, வெளியே போகும் கதவு பூட்டியிருக்கிறது என்றால் அது வீடு இல்லை.

பெண்களுக்கு இந்த மனிதநேயத்தில் இடம் உண்டா?

மார்க்கத்தில் உண்டு, நடப்பில் குறைவு. மணமுறிவுப் பஞ்சாயத்து ஜமாஅத்தில் நடக்கும். சம்பந்தப்பட்ட பெண் அதில் உட்கார முடியாமல் அவள் தகப்பனோ அண்ணனோ பேசுவார்கள். நானே இதைப் பார்த்திருக்கிறேன். புதுக்கோட்டையில் ஷரீபா கானம் பெண்களுக்கென்றே ஜமாஅத் தொடங்கியபோது கிண்டலும் மிரட்டலும் வந்தன. அவர் கேட்டது எளிமையான கேள்வி: என் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நான் ஏன் இருக்கக் கூடாது? நாட்டில் நாம் சிறுபான்மை, எங்கள் குரலைக் கேளுங்கள் என்று கேட்கிறோம். நம் ஜமாஅத்துக்குள் பெண்கள் கேட்பதும் அதேதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். தர்காவில் குணமாகும் என்று நம்பி எல்லா மதத்தாரும் கொண்டுவந்து விட்டவர்கள். துஆ, அதாவது பிரார்த்தனை, செய்யலாம், மருந்தும் கொடுக்கலாம், சங்கிலி போட எந்த மார்க்கமும் சொல்லவில்லை. ஆதமுடைய மக்களின் கண்ணியம் என்பது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முஸ்லிம் நாடுகளில் மற்ற மதத்தாருக்கு இந்த உரிமை இருக்கிறதா?

பல இடங்களில் இல்லை. பாகிஸ்தானில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அஹ்மதியாக்களும் படும் பாட்டைப் பற்றி நாம்தான் முதலில் பேச வேண்டும். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவர் முழு நம்பிக்கையாளர் ஆகமாட்டார் என்பது நபிமொழி.

காந்திக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் அடிக்கடி அவரை இழுக்கிறீர்களே?

தமுக்கம் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்தில், சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. மதுரைக்காரர்கள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். 1948 ஜனவரி 13-ல் அவர் டெல்லியில் உண்ணாவிரதம் தொடங்கினார். வைத்த நிபந்தனைகளில் ஒன்று, கலவரத்தில் பாதிக்கப்பட்ட மெஹ்ரோலி தர்காவில் உர்ஸ் விழா அச்சமில்லாமல் நடக்க வேண்டும் என்பது. 18-ல் முடித்தார். 27-ஆம் தேதி அந்த உர்ஸுக்கு அவரே போனார். மூன்றாம் நாள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு இந்து, தர்கா விழா நடக்க வேண்டும் என்று பட்டினி கிடந்தார். அந்தத் துணிக்கு முன்னால் என்னால் ரொம்ப நேரம் நிற்க முடிவதில்லை.

பிரசாதம் கொடுத்தால் வாங்கலாமா? பண்டிகை வாழ்த்துச் சொல்லலாமா?

வாழ்த்துச் சொல்லலாம் என்பது என் வழக்கம். உங்களுக்கு ஸலாம் சொன்னால் அதைவிட அழகாகத் திருப்பிச் சொல்லுங்கள் என்று 4:86 இருக்கிறது. படைத்த உணவைச் சாப்பிடுவது பற்றி ஆலிம்கள் கூடாது என்பார்கள். அதைக் கடைப்பிடிப்பவர் முகம் கோணாமல், எங்கள் முறையில் இல்லை அண்ணே, தப்பா நினைக்காதீங்க என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. எங்கள் எதிர்வீட்டு அம்மா பொங்கல் வைத்தால், சாமிக்குப் படைக்கும் முன்பே எங்களுக்கென்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைத்துவிடுவார். நாங்கள் கேட்டதே இல்லை.

முஸ்லிம் அல்லாதவர்கள் பள்ளிவாசலுக்குள் வரலாமா?

வரலாம். நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவர்கள் குழுவாக மதீனா வந்தபோது நபிகள் தம் பள்ளிவாசலிலேயே தங்கவைத்தார்கள். அவர்கள் தங்கள் முறைப்படி கிழக்கே பார்த்து அங்கேயே தொழவும் செய்தார்கள் என்று நபி வரலாற்று நூல் சொல்கிறது.

செருப்பைக் கழற்றி வெளியே விடுங்கள். தொழுகை நடக்கும் நேரமாக இருந்தால் பின்வரிசைக்குப் பின்னால் உட்காருங்கள். பெண்கள் வரும் முறை பள்ளிக்குப் பள்ளி மாறும், வாசலில் இருக்கும், பாங்கு சொல்லும் மோதினாரைக் கேட்டால் சொல்வார். கைக்குழந்தை இரவெல்லாம் அழுகிறது என்றால் அந்தி நேர மஃரிப் தொழுகை முடியும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று தாய்மார் பிள்ளையோடு நிற்பார்கள், பாதிப் பேர் நெற்றியில் திருநீறோ குங்குமமோ இருக்கும். தொழுதுவிட்டு வெளியே வருபவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். ரமலானில் வருவதாக இருந்தால் மாலை நேர அஸர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள், தூக்குவாளியை மறக்காமல் எடுத்து வாருங்கள். கஞ்சி சூடாக இருக்கும், மூடி இறுக்கமாக இருப்பது நல்லது.